கழற்றாத கோட்டு

2005 அக்டோபர் 9, ஞாயிறு

இன்று இர்யா வீட்டில் இருந்தவர்கள்: என் தங்கை இர்யா, அறுபத்து நாலு முடிந்தவள், பிறந்தநாள்காரி. அவள் புருஷன் எய்னோ. என் மகள் பைவி. பைவியின் மகள் வென்லா, எட்டு வயது. கெர்ட்டு என்கிற நான். சுவரில் படமாக அம்மா. வேறு யாரும் இல்லை. நாளைக்கு யாராவது மாற்றிச் சொன்னால் இதை எடுத்துக் காட்டுவேன்.

காபி, ஏலக்காய் ரொட்டி, கேக், பிஸ்கட் எல்லாம் சேர்த்து மேஜையில் ஏழு வகை. எண்ணினேன். நீல விளிம்பு போட்ட அம்மாவின் கோப்பைகள். அம்மா செத்தபோது வீடு இர்யாவுக்கு, கோப்பைகள் இர்யாவுக்கு. எனக்கு மாவு சலிக்கிற சல்லடை. அது போகட்டும்.

நடந்தது இதுதான். வென்லா உள்ளே வந்தாள், காலணியைக் கழற்றினாள், கோட்டையும் கழற்றினாள். யாரும் சொல்லவில்லை. கழற்றி, கதவுக்குப் பக்கத்தில் உள்ள கொக்கிகளில் ஆகத் தாழ்ந்ததில் மாட்டிவிட்டுப் பூனையைத் தேடிப் போனாள்.

ஆகஸ்டில் பள்ளி திறந்ததிலிருந்து இந்தக் குழந்தை கோட்டைக் கழற்றுவதில்லை. வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் சட்டையோடு உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் கழுத்து வரைக்கும் ஜிப் போட்ட நீலக் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். டீச்சர் மூன்று கடிதம் எழுதியாகிவிட்டது. பைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வியாழக்கிழமை மாலை ஷிஃப்ட், அன்றைக்கு மட்டும் பிள்ளை என் வீட்டுக்கு வரும். என் வீட்டிலும் கோட்டோடுதான். சூப் குடிப்பதும் கோட்டோடு, வீட்டுப்பாடம் எழுதுவதும் கோட்டோடு.

அங்கே கழற்றினாள்.

"பாத்தியா அக்கா, இங்க வந்தா தானா கழட்டிடுறா. நான் ஒண்ணுமே சொல்றதில்ல" என்றாள் இர்யா. ஒன்றுமே சொல்லாமல் எல்லாம் கிடைப்பது அவளுக்குப் பழக்கம்தானே.

"வீடு சூடா இருக்க விறகு வெட்டுறவன் நான். பேரு அவளுக்கு" என்றார் எய்னோ. பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணி, உங்க கோட்டு மடியில உக்காந்திருக்கே, அதுக்கும் ஒரு கோப்பை காபி ஊத்தவா?"

எல்லோரும் சிரித்தார்கள். பைவியும் சிரித்தாள். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் கோட்டை மடியில்தான் வைத்துக்கொள்வேன். ஐம்பது நிமிஷத்தில் கிளம்பிவிடுவேன். எல்லோருக்கும் தெரிந்த விஷயம், இதில் சிரிக்க என்ன இருக்கிறது.

அந்தத் தாழ்ந்த கொக்கி என்னுடையது. எனக்கு நாலு வயதாக இருக்கும்போது அப்பா எனக்காக அடித்தது. அப்பா போரில் செத்தார். குண்டுக்குத் தப்பட்டும் என்று ஊர்ப் பிள்ளைகளை அண்டை நாடான ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள், என்னையும். இரண்டரை வருஷம் கழித்து நான் திரும்பி வந்தபோது அதில் இர்யாவின் கோட்டு தொங்கியது. இன்றைக்கு வென்லாவின் கோட்டு.


அக்டோபர் 10, திங்கள்

காலையில் முதலில் ஞாபகம் வந்தது கொக்கி. அறுபத்தெட்டு வயதில் ஒரு கொக்கிக்காக ஒருத்தி இப்படி இருப்பாளா? இருப்பாள்.


அக்டோபர் 13, வியாழன்

பட்டாணி சூப், அதன் பிறகு அடுப்பில் சுட்ட அப்பம். ஊரெல்லாம் வியாழக்கிழமை அதுதான், என் வீட்டிலும் அதுதான்.

"கோட்டைக் கழட்டேன்."

"வேண்டாம்."

"சூடா இல்ல?"

"இல்ல." முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது.

"சின்னப் பாட்டி வீட்ல கழட்டினியே."

"அங்க மாட்டறதுக்கு இடம் இருக்கு."

"இங்க இல்லையா? அதோ பார், மூணு கொக்கி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு எட்டாது."

"நான் மாட்டித் தரேன்."

"நீ மாட்டினா நான் எப்படி எடுக்கிறது?"

நல்ல கேள்விதான். அப்போது எனக்கு அது நல்ல கேள்வியாகத் தெரியவில்லை. இர்யா சொல்லிக்கொடுத்த பதில் மாதிரி இருந்தது.


அக்டோபர் 20, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வென்லா சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு, "பாட்டி, வியாழக்கிழமைல நான் சின்னப் பாட்டி வீட்டுக்குப் போகலாமா? அங்க பூனை இருக்கு" என்றாள்.

பூனை இருக்கிறது. ஆமாம். பூனை இருக்கிறது, கோப்பை இருக்கிறது, விறகடுப்பு இருக்கிறது, அம்மா இருந்தாள், எல்லாம் அங்கேதான் இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது, நான்தான் இருக்கிறேன்.

எழுந்தேன். "முதல்ல இதைக் கழட்டு" என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். நாற்காலியோடு சேர்த்துப் பிடித்தேன். ஜிப்பை இழுத்தேன். முப்பத்தோரு வருஷம் கோட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் நான், எந்தக் கோட்டும் என் கையில் இரண்டு நிமிஷம் தாங்காது. அவள் குனிந்தாள். தாடைத் தோல் ஜிப்பில் மாட்டிக்கொண்டது.

ஒரு துளி ரத்தம். ஒரே ஒரு துளி.

கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜிப்பைத் தானே விடுவித்து, தானே மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு, காலணியை மாட்டிக்கொண்டு, வாசல் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கதவைப் பார்த்தபடி. அப்பம் வேண்டுமா என்றேன். கதை சொல்லட்டுமா என்றேன். தண்ணியாவது குடிடி என்றேன். பைவி வரும் வரைக்கும் இரண்டு மணி நேரம் அப்படியே நின்றாள்.

அந்த முதுகை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்.


அக்டோபர் 21, வெள்ளி

பைவி போன் செய்தாள். கோபமாகப் பேசினால் தாங்கிக்கொள்வேன். நோயாளியிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"அம்மா, கொஞ்ச நாளைக்கு வியாழக்கிழமை வேண்டாம்."

"தெரியாம நடந்துபோச்சு."

"தெரியும்மா. ஆனா அவ உன் பேரைச் சொன்னா கழுத்தைப் பிடிச்சுக்கிறா."

"எங்க விடப்போற? உன் ஷிஃப்ட்டு?"

பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். அந்த நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சித்தி வீட்ல."

வைத்துவிட்டேன்.


அக்டோபர் 23, ஞாயிறு

எடுத்துக்கொள்வதற்கு என்னிடம் இன்னும் என்ன மிச்சம் என்று இர்யாவைத்தான் கேட்க வேண்டும். முறையாகவே எழுதுகிறேன், மறந்துபோகாமல் இருக்க. மறக்கப்போவதில்லை, ஆனாலும்.

1944 பிப்ரவரி. எனக்கு ஆறரை வயது, அவளுக்கு இரண்டே கால். குண்டு விழுகிற ஊரில் அம்மா இரண்டு பிள்ளையில் ஒன்றை அனுப்பிவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டாள். என் கழுத்தில் பெயரும் எண்ணும் எழுதிய அட்டை. ரயில் நிலையத்தில் அம்மா இடுப்பில் இர்யா. ரயில் கிளம்பும்போது அவள் எனக்குக் கையாட்டினாள். அம்மா கையைப் பிடித்து ஆட்டவைத்தாள்.

1946 செப்டம்பரில் திரும்பி வந்தேன். அதற்குள் என் வாயில் ஸ்வீடன் பாஷைதான் இருந்தது. அம்மா பேசியது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஐந்து வயதுத் தங்கைக்குப் புரிந்தது. என் அம்மாவிடம் பேச என் தங்கைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இதைவிட ஒருத்திக்கு என்ன அநியாயம் செய்ய முடியும்? பள்ளியில் என்னைச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். முட்டி மேஜையில் இடிக்கும். முடிந்தவரைக்கும் போனேன், பிறகு விட்டுவிட்டேன். என் கையெழுத்து இப்படி இருப்பது அதனால்.

வரும்போது ஒரு கோட்டு போட்டுக்கொண்டு வந்தேன். பச்சைக் கம்பளி, கொம்புப் பொத்தான் ஆறு, உள்ளே பட்டுத் துணி. மேர்த்தா எனக்காகத் தைத்தது. மேர்த்தா ஸ்வீடனில் என்னை வளர்த்தவள். ஒரு அடி அடித்ததில்லை. அவளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அந்தக் கோட்டை நான் கழற்றவில்லை. வசந்த காலம் வரைக்கும் போட்டுக்கொண்டு வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் எழுந்து பார்க்கிறேன், கோட்டு இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இர்யா அதைப் போட்டுக்கொண்டு கோவிலுக்கு வந்தாள். வெட்டி, சின்னதாக்கி, அதே கொம்புப் பொத்தான்கள். என்னைப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

ஐம்பத்தெட்டு வருஷம். அந்தச் சுற்றை இப்போதும் வரைந்து காட்டுவேன்.


அக்டோபர் 27, வியாழன்

சூப் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. நாலு நாளைக்கு நானே குடிக்க வேண்டும்.


நவம்பர் 1, செவ்வாய்

பைவி நேரில் வந்தாள். பள்ளியில் தூலா என்று ஒரு அம்மாள் இருக்கிறாளாம், பிள்ளைகள் மனசைப் பார்க்கிறவள். இரண்டு முறை வென்லாவோடு உட்கார்ந்து படம் வரையவைத்தாளாம். எல்லாப் படத்திலும் வாசல் கதவு மட்டும்தானாம், வீடு இல்லையாம்.

"நாங்க வாடகை வீடு ஆறு தடவை மாத்தியிருக்கோம். இவளுக்கு இது மூணாவது பள்ளிக்கூடம். அதைக் கேட்டாங்க" என்றாள் பைவி. "ஏன் மாத்தினீங்கன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியலம்மா. ரெண்டு வருஷம் ஆனா ஒரு வீட்ல மூச்சு முட்டுது."

"வாடகை ஜாஸ்தின்னு சொல்லு."

"உன்னையும் கூப்பிடறாங்க. ஒன்பதாம் தேதி. அந்தக் காலத்துல உனக்கு என்ன நடந்துச்சுன்னு."

"குழந்தை கோட்டைக் கழட்டாததுக்கும் எனக்கு என்ன நடந்துச்சுங்கறதுக்கும் என்னடி சம்பந்தம்? நான் உன்னை எங்கயாவது அனுப்பினேனா? ஒரு ராத்திரியாவது?"

"இல்ல."

"அப்புறம்?"

அவள் என் அலமாரியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ வரலைன்னா சித்தி வரேன்னு சொல்றாங்க. அவங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்காம்."

என்ன ஞாபகம் இருக்கும் அவளுக்கு? அம்மா மடி ஞாபகம் இருக்கும். கழுத்தில் அட்டை கட்டியது எனக்கு, பாஷை தொலைந்தது எனக்கு, பள்ளியில் முட்டி இடித்தது எனக்கு. அதையும் அவள் போய்ச் சொல்லுவாளாம், காபியோடு, ஏழு வகை பலகாரத்தோடு. என் கோட்டை வெட்டிப் போட்டுக்கொண்ட மாதிரி என் கஷ்டத்தையும் தன் அளவுக்கு வெட்டிப் போட்டுக்கொள்வாள்.

"நானே வரேன்" என்றேன்.


நவம்பர் 5, சனி. இறந்தவர்கள் நாள்

கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனேன். மாலை நாலு மணிக்கே இருட்டு. அம்மா கல்லுக்கு முன்னால் இர்யா ஏற்கெனவே குனிந்திருந்தாள். எப்போதும் எனக்கு முன்னால்.

"வா அக்கா. தீப்பெட்டி நனைஞ்சுபோச்சு. உன்கிட்ட இருக்கா?"

இருந்தது. கொடுத்தேன். இதையாவது என்னிடம் கேட்டு வாங்கினாள்.

நான்தான் ஆரம்பித்தேன். "உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்காமே. பச்சைக் கோட்டு ஞாபகம் இருக்கா?"

"இல்லாமயா."

"சுத்திக் காட்டினியே."

"காட்டினேன்" என்றாள். மறுக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, மறுப்பாள் என்று வார்த்தை தயார் செய்து வைத்திருந்தேன். "எனக்கு அஞ்சு வயசுக்கா. நீ வந்த நாள்ல இருந்து அம்மா என்னைப் பாக்கவே இல்ல. நீ வாசல்ல கோட்டோட உக்காந்திருப்ப, அம்மா அடுப்படியில இருந்து உன்னையே பாத்துக்கிட்டு இருப்பா. பால் பொங்கி வழியும், அதுகூடத் தெரியாது. சவுனாவுல வேர்க்க வேர்க்கக் குளிக்கப் போகும்போதுகூட நீ அதைப் போட்டுக்கிட்டுத்தான் போன. அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டா என்னையும் அப்படிப் பாப்பான்னு நினைச்சேன்."

"பாத்தாளா?"

"அதைப் போட்டுக்கிட்டு நான் முன்னால போனா திரும்பிக்குவா. அவளேதான் தச்சுக் கொடுத்தா, அவளாலேயே பாக்க முடியல. வெட்டும்போது என்ன அழுகை தெரியுமா? கத்திரிக்கோலை வச்சுக்கிட்டு, 'இது இல்லாம போனாத்தான் இவ என் வீட்ல இருப்பா'ன்னு சொல்லிச் சொல்லி அழுதா. எட்டு மாசம் பொறுத்துட்டுத்தான் வெட்டினா."

தீப்பெட்டியைத் திருப்பி வாங்கி என் மெழுகுவர்த்தியை ஏற்றினேன்.

"உன்மேல எனக்கு அவ்வளவு பொறாமை. இப்பவும் கொஞ்சம் இருக்கு" என்றாள். "உனக்கு ரெண்டு அம்மா. அந்தம்மா சாகிற வரைக்கும் கிறிஸ்துமஸுக்கு அட்டை போட்டாங்க. நீ ஒண்ணுக்காவது பதில் போட்டியா?"

"பாஷை மறந்துபோச்சு."

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அவளுக்கும் பொறாமையாம். என்னிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான், அதையும் பங்கு கேட்கிறாள்.

ஆனால் அம்மா அழுதாள் என்பதை இத்தனை வருஷத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் தூங்கும்போது எடுத்தாள் என்றுதான் தெரியும். கழற்றினால் தங்குவேன் என்று நினைத்தாளா? நான் தங்கவில்லை அம்மா. உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

வென்லாவின் ஜிப்பை நான் எதற்கு இழுத்தேன்?


நவம்பர் 6, ஞாயிறு

மழை. அதே கேள்வி.


நவம்பர் 9, புதன்

தூலாவின் அறை. இருந்தவர்கள் தூலா, பைவி, நான். வென்லா வகுப்பில் இருந்தாள், கோட்டோடு. அந்த அறையில் குழந்தைகளுக்கான சின்ன நாற்காலிகள். எனக்கு முட்டி இடித்தது.

தூலா சின்னப் பெண், முப்பதுதான் இருக்கும். "உங்க கோட்டை மாட்டட்டுமா?" என்றாள். மடியில் இருக்கட்டும் என்றேன். எதையோ குறித்துக்கொண்டாள். குறிக்கட்டும்.

நான் சொன்னேன். அட்டை, ரயில், பாஷை. நாலே வாக்கியம். அவளுக்குப் போதவில்லை போலிருக்கிறது, எனக்குப் போதும். பிறகு பைவியைப் பார்த்துக் கேட்டாள்: "காலையில வென்லாவை விட்டுட்டுப் போகும்போது என்ன சொல்வீங்க?"

"என்ன சொல்வேன், எல்லாரும் சொல்றதுதான்" என்றாள் பைவி. "கோட்டைப் போட்டுக்கிட்டே இரு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சாயங்காலம் கிளம்பறதுக்கா? காலையிலேயே அதைச் சொல்வீங்களா?"

பைவி கொஞ்சம் விழித்தாள். "ஆமா. அம்மா அப்படித்தான் சொல்வாங்க. அப்ப எனக்கு ஆறு வயசு. ஃபாக்டரிக்குப் போகும்போது என்னைப் பாட்டி வீட்ல விடுவாங்க. நான் காலையில இருந்து கோட்டோட வாசல்படியில உக்காந்திருப்பேன். பாட்டி வந்து வந்து பாப்பாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அழுவாங்க சில நாள். ஏன்னு எனக்குத் தெரியாது." என் பக்கம் திரும்பினாள். "எனக்கு அது கஷ்டமா இல்லம்மா. நீ சொன்னே, நீ வந்தே. ஒரு நாள்கூட வராம இருந்ததில்ல. ஆனா உள்ள போய் உக்கார மட்டும் நான் கத்துக்கவே இல்ல."

அந்த வாசல்படி. நான் உட்கார்ந்த அதே படியில் என் மகளை உட்காரவைத்திருக்கிறேன். அம்மா அதை இரண்டாவது தடவையும் பார்த்திருக்கிறாள். தினமும். காலை ஆறு மணிக்கு நான் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஓடுவேன். அது எங்கேயிருந்து என் வாய்க்கு வந்தது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அன்பாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த அன்பான வார்த்தை அது ஒன்றுதான்.

"இதை முதல்ல யார் உங்ககிட்ட சொன்னாங்க?" என்று தூலா கேட்டாள். பார்க்கச் சின்னப் பெண், கேள்வி சின்னதாக இல்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.


நவம்பர் 10, வியாழன்

இர்யா வீட்டில் இன்று கேரட் கேக்காம். பைவி தானாகச் சொன்னாள், நான் கேட்கவில்லை. கேட்டேன்.


நவம்பர் 19, சனி

கடையில் ஒரு பித்தளைக் கொக்கி வாங்கி வந்து வாசலுக்குப் பக்கத்தில் அடித்தேன். தரையிலிருந்து ஒரு மீட்டர். பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தட்டினான், நானும் திருப்பித் தட்டினேன்.

அடித்து முடித்தபிறகுதான் தோன்றியது: இது எனக்கே இப்போது குனிய வேண்டிய உயரம்.

பைவிக்குப் போன் செய்தேன். "வியாழக்கிழமை ஒரு தடவை கூட்டிட்டு வந்து பாரேன். கோட்டைப் பத்திப் பேசமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அவகிட்ட கேட்டுச் சொல்றேன்மா."

எட்டு வயதுப் பிள்ளையிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கிறேன். சரி. காத்திருப்பது எனக்குப் புதுசு இல்லை.


நவம்பர் 24, வியாழன்

வரவில்லை. "அடுத்த வாரம் பாக்கலாம்னு சொல்றா" என்றாள் பைவி. இர்யா வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறதாம். நாலு. அந்தப் பூனையும் அவள் பக்கம்தான்.


டிசம்பர் 1, வியாழன்

வந்தாள்.

பைவி வாசலிலேயே விட்டுவிட்டு ஷிஃப்டுக்கு ஓடினாள். ஓடும்போது திரும்பி நின்று, சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். பிறகு வேறு மாதிரி சொன்னாள்: "எட்டு மணிக்கு வருவேன். அதுவரைக்கும் நீ பாட்டி வீட்ல இருக்க." தூலா எழுதிக்கொடுத்தது போல இருந்தது. இருக்கட்டும், நல்ல வாக்கியம்தான்.

வென்லா கழுத்து வரைக்கும் ஜிப் போட்டபடி நின்றாள். தாடையில் தழும்பு ஒன்றும் இல்லை, பார்த்தேன். கொக்கியைப் பார்த்தாள். மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள்.

நான் என் கறுப்புக் கம்பளிக் கோட்டை எடுத்துப் போட்டேன். ஒவ்வொரு பொத்தானும். எதிரில் உட்கார்ந்தேன்.

"வெளிய போறியா பாட்டி?"

"இல்ல."

"அப்புறம் ஏன் கோட்டு?"

"நீ போட்டிருக்கியே."

யோசித்தாள். "சரி" என்றாள்.

சூப் குடித்தோம். அடுப்பில் அப்பம் வெந்துகொண்டிருந்தது, சமையலறை உலை மாதிரி இருந்தது. எனக்கு முதுகில் தண்ணீர் ஓடியது. முப்பத்தோரு வருஷம் தைத்திருக்கிறேன், ஒரு கோட்டுக்குள்ளே இவ்வளவு சூடு என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கும். மறந்திருப்பேன்.

"பாட்டி, உன் மூக்குல இருந்து வேர்வை சூப்புல விழுது."

"உப்பு கம்மியா இருந்துச்சு."

சிரித்துவிட்டாள். வாயில் இருந்த பட்டாணி மேஜையில் விழுந்தது. பிறகு, "நீயும் சின்ன வயசுல கழட்ட மாட்டியாமே. சின்னப் பாட்டி சொன்னாங்க" என்றாள்.

சொல்லிவிட்டாள் பார். எனக்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள். கோபம் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன், சூப்போடு.

"ஆமா. எட்டு மாசம்."

"ஏன்?"

"ஒருத்தங்க வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாங்க. அவங்க வரும்போது ரெடியா இருக்கணும்ல."

"வந்தாங்களா?"

"இல்ல. ஆனா உங்கம்மா வருவா. உங்கம்மாவைக் கூட்டிட்டு வர நான் ஒரு நாள்கூட மறந்ததில்ல, உன்னைக் கூட்டிட்டுப் போக அவ ஒரு நாள்கூட மறந்ததில்ல. கோட்டு இருந்தாலும் வருவா, இல்லாட்டியும் வருவா."

அப்பத்தை எடுத்து வைத்தேன். ஜாம் போட்டேன். திரும்பிப் பார்க்கும்போது ஜிப் பாதி வரைக்கும் இறங்கியிருந்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். இரண்டாவது அப்பத்துக்கு ஒரு கை வெளியே வந்தது. ஜாம் ஒட்டிவிடும் என்றாள், காரணம் சொல்லவேண்டும் போல. இன்னொரு கை வரவில்லை. எட்டு மணி வரைக்கும் ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. கொக்கி காலியாகவே இருந்தது. பைவி வந்து கதவைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள், சிவந்த முகம் இரண்டு, கோட்டு இரண்டு. காலணியைக் கழற்றினாள். தன் கோட்டைக் கழற்றி மேல் கொக்கியில் மாட்டினாள். உட்கார்ந்து அப்பம் சாப்பிட்டாள். எப்போதும் வாசலில் நின்றபடியே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவள்.

இர்யா வீட்டில் இரண்டு கையும் கழற்றுகிறாள். எனக்குத் தெரியும். இங்கே ஒரு கை. நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவர்கள் போனபிறகும் கோட்டோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தூலாவுக்குச் சொல்லாத பதிலை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அம்மாவை மன்னித்துவிட்டேன். கத்திரிக்கோலோடு அழுதவளை வேறு என்ன செய்வது. இர்யாவை வியாழக்கிழமைகளில் மன்னிக்கிறேன், மற்ற நாளைக்கு இன்னும் யோசிக்கவில்லை. ஆனால் ஒருத்தி இருக்கிறாள். என்னை ஒரு அடி அடிக்காதவள். இரண்டரை வருஷம் எனக்குத் தலை பின்னிவிட்டவள். ரயில் நிலையத்தில் ஆறு கொம்புப் பொத்தான்களையும் தானே போட்டுவிட்டு, நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கத்தாமல் இருக்கவேண்டும் என்பதற்காக, காதோடு ஒரு பொய் சொன்னாள். ஸ்வீடன் பாஷையில் இன்றைக்கும் என் வாயில் மிச்சம் இருக்கிற ஒரே வாக்கியம் அது: "கோட்டைப் போட்டுக்கிட்டே இரு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்." நான் நம்பினேன். நம்பியதை அப்படியே என் மகளுக்குக் கொடுத்தேன், அவள் தன் மகளுக்குக் கொடுத்தாள்.

அவளால் வந்திருக்க முடியாது, எனக்குத் தெரியும். நல்லவள், அதுவும் தெரியும். அவள் போட்ட கிறிஸ்துமஸ் அட்டைகள் எல்லாம் அலமாரியில் இருக்கின்றன, ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. ஆனாலும் மன்னிக்க மாட்டேன்.

மேர்த்தாவை.